இணையத்தில் இல்லாத கிணறு

சில ஆண்டுகளுக்கு முன்னர், தரம் ஒன்பதில் நான் கற்பித்த மாணவருக்கு ஓர் ஒப்படை கொடுத்தேன். ‘எமது ஊர்க் கிணறுகள்’ என்பது தலைப்பு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழையைச் சுண்ணக்கற் பாறை தன்னுள் வாங்கி வைத்திருப்பதும், அதனைக் கிணறு தோண்டி நாம் எடுப்பதுமாகவே இங்கு வாழ்வு நடந்து வந்திருக்கிறது. ஆதலால், கிணற்றைப் பற்றி எழுதுவது தம் வீட்டு முற்றத்தைப் பற்றி எழுதுவதுபோல மாணவருக்கு எளிதாயிருக்கும் என்று எண்ணினேன். ‘கணினியையும் இணையத்தையும் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். காலத்தோடு ஒட்டி நடக்கும் ஆசிரியன் என்னும் சிறு பெருமை அவ்வரியை எழுதும்போது எனக்கு இருந்ததென்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு கிழமைகளின் பின்னர் முப்பத்தெட்டு ஒப்படைகள் என் மேசைக்கு வந்தன. அவற்றுள் முப்பத்தொன்று அச்சிடப்பட்டவை. வண்ணக் கரைகளும் பளபளக்கும் மேலுறைகளும் கண்ணைக் கவர்ந்தன. திறந்து பார்த்தால், இருபத்துநான்கு ஒப்படைகள் நிலாவரைக் கிணற்றைப் பற்றியவை! நிலாவரை புத்தூரில் உள்ளது. எமது பாடசாலை அங்கிருந்து பல மைல் தொலைவில் உள்ளது. இருபத்துநான்கிலும் அதே பந்திகள், அதே படம், மூன்றாம் பக்கத்தில் அதே எழுத்துப்பிழை. சந்தியிலே ‘கொமினிகேசன்’ என்று நம்மவர் அழைக்கும் கடையில் யாரோ ஒருமுறை இறக்கி வைத்த கோப்பு, பெயர் மட்டும் மாற்றப்பட்டு இருபத்துநான்கு பிள்ளைகளின் அறிவாக என்னிடம் வந்து சேர்ந்திருந்தது.

கையால் எழுதப்பட்டவை ஏழு. அவற்றுள் ஒன்று, கொப்பியிலிருந்து கிழித்த மூன்று தாள்களில், மை பரவிய எழுத்தில் இருந்தது. அது அம்மாணவனுடைய வீட்டுக்குப் பின்னாலுள்ள பங்குக் கிணற்றைப் பற்றியது. எத்தனை குடும்பங்களுக்கு அதில் பங்குண்டு, இறைப்பு முறை எவ்வாறு பிரிக்கப்பட்டது, முறை தவறியதால் இரண்டு வீட்டார் எத்தனை ஆண்டுகள் பேசாதிருந்தனர், தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் இயந்திரம் நின்றபோது பழைய துலாவை மீண்டும் எப்படிக் கட்டினர் என்றெல்லாம் அவன் எழுதியிருந்தான். அவனை அழைத்துக் கேட்டேன்:

“ஏன் தம்பி, இன்ரநெற்றில ஒண்டும் தேடிப் பாக்கேல்லையோ?”

“தேடினனான் சேர். எங்கட கிணறு இன்ரநெற்றில இல்லை.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பின்னர், என் கையிலிருந்த புள்ளித் திட்டத்தின்படி, அவனுக்கு இருபத்தைந்துக்குப் பதினொரு புள்ளி இட்டேன். ‘முன்வைப்பு’, ‘படங்கள்’, ‘ஒழுங்கு’ என்ற கட்டங்களில் அவனுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. கடையின் கோப்புக்கோ பத்தொன்பதும் இருபதுமாகப் புள்ளிகள் போயின. அன்று மாலை வீடு திரும்பும்போதுதான் நான் செய்த காரியம் எனக்கே விளங்கிற்று. அந்த வகுப்பில் ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க ஒன்றைச் செய்தவன் ஒருவனே. அவனுக்கு மிகக் குறைந்த புள்ளி இட்டவன் நான்.

இச்சம்பவத்தை ஈண்டு எடுத்துரைப்பது என்னை நொந்துகொள்வதற்காக அன்று. பாடசாலைகளிற் கணினியும் இணையமும் கைத்தொலைபேசியும் எதற்காக என்ற கேள்வியை நாம் ஒழுங்காக எழுப்பவில்லை என்பதே என் முறைப்பாடு. இக்கருவிகள் வந்தாற் கல்வி தானே மலர்ந்துவிடும் என்று ஒரு சாரார் கூறுவர். இவை வந்ததனாலேயே பிள்ளைகள் கெட்டுப் போயினர் என்று மற்றொரு சாரார் கூறுவர். இவ்விரு சாராரும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றனர். கருவியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று இருவரும் நம்புகின்றனர். அக்கருவியைப் பிள்ளையின் கையிற் கொடுத்து என்ன செய்யச் சொல்கிறோம் என்பதை இருவருமே கேட்பதில்லை.

முதலாவது நம்பிக்கை இன்று பிறந்ததன்று. 1913ஆம் ஆண்டிலேயே தோமஸ் எடிசன், அசையும் படத்தின் வருகையாற் பாடசாலைகளில் நூல்கள் விரைவில் வழக்கொழிந்துவிடும் என்று கூறினார். நூல்கள் ஒழியவில்லை. பின்னர் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, ஒவ்வொன்றும் வரும்போது அதே ஆரூடம் வேறு வாய்களாற் கூறப்பட்டது. எமது காலத்தில் இந்நம்பிக்கைக்குக் கிடைத்த மிகப் பெரிய பரிசோதனை பெரு நாட்டில் நிகழ்ந்தது. ‘பிள்ளைக்கொரு மடிக்கணினி’ என்னும் திட்டத்தின் கீழ் அந்நாட்டு அரசு இலட்சக்கணக்கான சிறு கணினிகளை வாங்கிக் கிராமப் பாடசாலைகளுக்கு வழங்கிற்று. 319 பாடசாலைகளை ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, கணிதத்திலும் மொழியிலும் பிள்ளைகளின் அடைவு உயர்ந்ததற்குச் சான்றில்லை என்று கண்டது. பொதுவான சிந்தனைத் திறனைச் சோதிக்கும் பரீட்சைகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எனினும், பெட்டியைத் திறந்து கணினியைப் பிள்ளையின் மடியில் வைத்தவுடன் கல்வி நடந்துவிடாது என்பதை அந்த ஆய்வு ஐயத்திற்கிடமின்றிக் காட்டிற்று.

இரண்டாவது சாரார்க்கு விடை கூற நான் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எமது மண்ணிலே, வண்ணார்பண்ணையில் 1848ஆம் ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், மறுவருடமே சென்னை சென்று அச்சியந்திரம் ஒன்றை வாங்கி வந்து நிறுவினார். அச்சியந்திரம் அக்காலத்தின் புதிய தொழினுட்பம். அது அந்நியர் கையில் இருந்த கருவி என்று அவர் அதனை ஒதுக்கவில்லை. தம் மாணவர்க்கு வேண்டிய பாலபாடங்களை அதிலேயே அச்சிட்டார். பாடசாலை ஒன்றும் இயந்திரம் ஒன்றும் ஒரே நோக்குடன் அருகருகே நிற்கலாம் என்பது எமக்குப் புதிய செய்தியன்று.

ஆயினும் நாவலருடைய அச்சியந்திரம் ஆசிரியர் கையில் இருந்தது. அதனை மாணவர் கையிற் கொடுத்தவர் ஒருவர் பிற்காலத்தில் பிரான்சு தேசத்திலே தோன்றினார். அவர் செலெஸ்தேன் பிரெனே. கணினியைப் பற்றிப் பேச வந்தவன் கணினி அறியாத ஒருவரை ஏன் இழுத்து வருகிறான் என்று வாசகர் ஐயுறலாம். வகுப்பறையில் ஓர் இயந்திரம் என்ன செய்ய வேண்டும் என்பதை அவரைவிடத் தெளிவாகச் செய்து காட்டியவரை நான் அறியேன்.

பிரெனே 1896இற் பிறந்தவர். முதலாம் உலகப் போரில் நெஞ்சிற் குண்டடிபட்டு நுரையீரல் பாதிக்கப்பட்டவர். 1920இல் தென்பிரான்சிலுள்ள பார்-சூர்-லூ என்னும் மலைக்கிராமத்துச் சிறு பாடசாலைக்கு ஆசிரியராக வந்தபோது, நெடுநேரம் உரத்துப் பேசிக் கற்பிக்க அவரால் இயலவில்லை. ஆசிரியர் பேசப் பிள்ளைகள் கேட்டிருப்பதே கல்வி என்ற முறையை அவர் கைவிட நேர்ந்ததற்கு இந்நோயும் ஒரு காரணம் என்பர். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அவர் ஊரைச் சுற்றி நடந்தார். வயல்களையும் பட்டறைகளையும் நெசவாளர் முதலிய தொழிலாளரையும் அவர்கள் பார்த்தனர். திரும்பி வந்து, கண்டதைத் தம் சொற்களிற் கூறினர். அச்சொற்களிலே உயிர் இருந்தது. அதன் பின்னர் பாடநூலைத் திறந்தவுடன் பிள்ளைகளின் முகங்களிலிருந்து அவ்வுயிர் போய்விடுவதையும் அவர் கண்டார்.

1924ஆம் ஆண்டளவில் அவர் சிறிய கையச்சியந்திரம் ஒன்றை வாங்கி வகுப்பறையில் வைத்தார். பிள்ளை ஒருவன் எழுதியதை வகுப்பார் கேட்பர். அச்சிடத்தக்கது எதுவெனத் தாமே தெரிவர். கருத்து மயங்கும் இடங்களைக் கூடித் திருத்துவர். பின்னர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சிடுவர். இவ்வாறு சேர்ந்த தாள்கள் அவ்வகுப்பின் நூலாயின. சில காலத்தில், வடமேற்கே பிரித்தானிக் கடற்கரையில் ரெனே தானியேல் என்னும் ஆசிரியருடைய வகுப்போடு தாள்களைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடும் உண்டாயிற்று. மலைப்பிள்ளைகள் எழுதியதைக் கடற்கரைப் பிள்ளைகள் படித்துக் கேள்வி கேட்டனர். கேள்விக்கு விடை எழுதுவதற்காக மலைப்பிள்ளைகள் மீண்டும் ஊருக்குள் நடந்தனர். 1927இல் பல பாடசாலைப் பிள்ளைகளின் எழுத்துகளைக் கொண்ட ‘லா ஜெர்ப்’ என்னும் சஞ்சிகை தொடங்கிற்று. 1932 முதலாகப் பிள்ளைகள் தாமாகவே ஆராய்ந்தறிய உதவும் சிறு நூல்களின் வரிசையும் அந்த இயக்கத்தால் வெளிவரலாயிற்று.

இந்த அச்சியந்திரம் பிள்ளைகளுக்கு எவ்விதத் தகவலையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். அது வினாவுக்கு விடை கூறும் இயந்திரமன்று. பிள்ளையின் சொல்லை வகுப்பறைக்கு வெளியே கொண்டுபோய், அதை உண்மையாக விரும்பிப் படிக்கும் ஒருவரிடம் சேர்த்தது, அவ்வளவே. அதனாற் பிறந்தவை மூன்று. எழுத்தைக் கோப்பது மெதுவான வேலையாதலால், பிள்ளை ஒவ்வொரு சொல்லையும் இரண்டாம் முறை எண்ணிப் பார்த்தது. படிப்பவர் தொலைவில் இருந்தமையால், தனக்குத் தெரிந்ததைப் பிறர்க்குத் தெரியும்படி விளக்க வேண்டியிருந்தது. மறுமொழி வரும் என்பதால், எழுதியது மெய்யாயிருக்க வேண்டியிருந்தது. படைப்பும் ஆராய்ச்சியும் வெவ்வேறு பாடவேளைகளில் நடக்கும் இரு காரியங்கள் அல்ல என்பதை அந்த வகுப்பில் தெளிவாகக் காணலாம்.

இது விளையாட்டுக் காரியமும் அன்று. பிரெனே பின்னர் கற்பித்த சன்-போல்-த-வான்சு என்னும் ஊரிலே, 1932ஆம் ஆண்டின் இறுதியில், பிள்ளை ஒருவனின் அச்சிட்ட எழுத்தைச் சுவரொட்டியாக ஒட்டி அவருக்கெதிராகப் பெருங் கிளர்ச்சி மூட்டினர். 1933இல் அவர் அப்பாடசாலையை விட்டு நீங்க நேர்ந்தது. அதன் பின் வான்சு என்னும் ஊரில் தமக்கெனப் பாடசாலை ஒன்றை அமைத்து, 1966இல் இறக்கும் வரையில் அவர் தம் கொள்கையைக் கைவிடவில்லை. பிள்ளைகள் தம் சொற்களிலே எழுதத் தொடங்கினால் ஊர் அமைதி கெடும் என்று அஞ்சியவர்கள் அன்றும் இருந்தனர். எமது ஊர்களிலே பங்குக் கிணற்றுச் சண்டையை எழுதிய பிள்ளையை இரு வீட்டாரும் எவ்வாறு நோக்குவர் என்பதை நினைத்துப் பார்த்தால், அவ்வச்சம் எமக்கும் அந்நியமானதன்று.

இனி, எனது வகுப்புக்குத் திரும்புகிறேன். மறுவருடம் அதே தலைப்பைக் கொடுத்தேன். ஒப்படையின் விதியை மட்டும் மாற்றினேன். இணையத்தில் உள்ள கிணற்றைப் பற்றி எழுதக் கூடாது. உன் கால் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய கிணற்றைப் பற்றியே எழுத வேண்டும். வீட்டிலுள்ள கைத்தொலைபேசியை முதியவர் ஒருவரின் பேச்சைப் பதிவு செய்யப் பயன்படுத்தலாம். பதிந்ததை அப்படியே, அவர் வாய்ச்சொல் மாறாமல், எழுத்தில் வடிக்க வேண்டும். முதல்வருடம் பதினொரு புள்ளி பெற்ற மாணவன் இப்போது தரம் பத்தில் இருந்தான். அவனிடம் வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்டு, இப்பிள்ளைகளுக்கு வழிகாட்டும்படி வேண்டினேன். அவன் வெட்கப்பட்டான், ஆனால் வந்தான்.

பதிவுகள் வந்தபோது முதலில் எங்களைத் தடுத்தவை சொற்கள். ‘துலா’ என்பதைப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருந்தனர். அதனைத் தாங்கும் ‘ஆடுகால்’, அதில் தொங்கும் ‘கொடி’, நீர் மொள்ளும் ‘பட்டை’ என்பன அவர்களுக்குப் புதியவை. மரத்தின் மேல் ஒருவர் முன்னும் பின்னுமாக நடக்க, அவர் பாரத்தினாற் பட்டை கிணற்றில் இறங்கி ஏறும் காட்சியைச் சொல்லக் கேட்ட மாணவி ஒருத்தி, அது விஞ்ஞானப் பாடத்தில் தாம் படித்த நெம்புகோல் அல்லவா என்று கேட்டாள். அக்கேள்வியை நான் கேட்கவில்லை, பாடநூலும் கேட்கவில்லை. பாடசாலைக் கணினியில் அவளும் தோழியரும் துலா அசையும் சிறு படமொன்றைச் செய்தனர். நடப்பவர் எத்தனை அடி பின்னே போனால் நிறைந்த பட்டை மேலெழும் என்பதைக் கணக்கிடுவதற்காக, அவர்கள் தாமாகவே விஞ்ஞான ஆசிரியையிடம் போயினர். இத்தனை ஆண்டுக் கற்பித்தலில், மாணவர் கேளாமலே மற்றொரு பாடத்தின் வாசலைத் தட்டியதை நான் கண்டது அரிது.

மற்றொரு நிகழ்ச்சியும் சொல்லத்தக்கது. ஒரு மாணவனின் அப்பாச்சி, பெரும் புயலின்போது தம் கிணற்றுக் கட்டு இடிந்ததைக் கூறியிருந்தார். ஆண்டு அவருக்கு நினைவில்லை. மாணவன் இணையத்திற் புயல் என்று தேடி, 1978 என்று எழுதி வந்தான். மற்றொருவன் மறுத்தான்: ‘அப்பாச்சி தன்ர கலியாணத்துக்கு முதல் எண்டு சொல்லுறா; அவவுக்குக் கலியாணம் எப்ப?’ கேட்டு வந்தபோது, திருமணம் 1973 என்று தெரிந்தது. அப்படியாயின் 1978 பொருந்தாது. மேலும் தேடியபோது, 1978 நவம்பர்ப் புயல் கிழக்கே மட்டக்களப்புப் பகுதியை அழித்த புயல் என்பதும், வடக்கைத் தாக்கியது 1964 டிசம்பரில், தனுஷ்கோடியையும் அழித்த புயல் என்பதும் தெளிவாயின. பிள்ளைகள் அன்று ஒரு வரலாற்று ஆசிரியன் செய்வதைச் செய்தனர். வாய்மொழிச் சான்றையும் எழுத்துச் சான்றையும் எதிரெதிரே நிறுத்தி, எது எதனைத் திருத்துகிறது என்று பார்த்தனர். இணையம் தந்த முதல் விடையைத் திருத்தியது ஒரு முதியவளின் கலியாணம்!

இவ்விடத்தில் இணையத்தின் பெருமையையும் சொல்லாது விடலாகாது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதன் பின்னரான போரிலும் இடப்பெயர்விலும் வீட்டு அலுமாரிகளிலிருந்து போனவற்றுக்குக் கணக்கில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் மின்னூலகம், எஞ்சியவற்றைத் தேடி எடுத்து, பழைய பத்திரிகைகள், சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள் என்று பல்லாயிரம் ஆவணங்களை யாவரும் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. என் இளமையில் ஓர் ஆராய்ச்சியாளன் பல ஊர் அலைந்தாலும் காணமுடியாதவற்றை இன்று ஒரு கிராமத்து மாணவி தன் வகுப்பறையிலிருந்தே பார்க்கலாம். ஆனால் அவளிடம் ஒரு கேள்வி இருந்தாலன்றி அந்தப் பெருஞ்செல்வத்தில் எதைத் தேடுவாள்? கேள்வி அவளுடைய கிணற்றடியிலிருந்து வரவேண்டும்.

அம்மாணவர் செய்த மூன்றாவது காரியம் மிக எளியது. கல்லொன்றைக் கயிற்றிற் கட்டி, ஆறு கிணறுகளின் நீர்மட்டத்தைக் கிழமைக்கொரு முறை அளந்தனர். புரட்டாதி தொடங்கி மாசி வரை அளந்து, கணினியில் வரைபாக்கினர். வடகீழ்ப் பருவமழைக்குப் பின் எல்லாக் கோடுகளும் மேலே ஏறின. ஆனால் ஒரே வேகத்தில் ஏறவில்லை. அடுத்தடுத்த இரண்டு கிணறுகளில் ஒன்று நன்னீராகவும் மற்றது சவராகவும் இருப்பது ஏன் என்று ஒருவன் கேட்டான். குடாநாட்டின் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலம் என்றும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலெழும் என்றும் அவர்கள் படித்தறிந்தனர். அது அவர்களுக்குப் பரீட்சைக் குறிப்பாகப் படவில்லை. தம் வீட்டார் நாள்தோறும் எத்தனை மணிநேரம் இறைக்கின்றனர் என்று அளக்கத் தொடங்கிவிட்டனர்.

ஆசிரிய நண்பர் சிலர் இதனைக் கேட்டு, ‘இவையெல்லாம் நல்லவைதாம், நேரம் எங்கே? பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும்; பரீட்சை வருகிறது; நாற்பது பிள்ளைக்கு நாலு கணினி; அவற்றுள் இரண்டு பழுது’ என்றனர். இது பொய்யான முறைப்பாடன்று. நானும் அதே பாடசாலை மணியோசைக்கு எழுந்து நடப்பவன். ஆயினும் பிரெனேயிடம் இருந்தது வகுப்பு முழுவதற்கும் ஒரேயொரு சிறு அச்சியந்திரம். கருவி குறைவாயிருந்தமையாற் பிள்ளைகள் கூடி வேலைசெய்ய நேர்ந்தது. நேரத்தைப் பற்றிச் சொன்னால், கடையில் வாங்கிய இருபத்துநான்கு நிலாவரைகளைத் திருத்த நான் செலவிட்ட இரண்டு இரவுகளும் என் நேரமே. அந்நேரத்தால் எவருக்கும் பயன் விளையவில்லை.

2022ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் உரையாடும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்துள்ளன. இனிச் சந்திக் கடைக்கும் போக வேண்டியதில்லை. இருபத்துநான்கு பிள்ளைகளுக்கு இருபத்துநான்கு விதமான ஒப்படைகளை எழுத்துப்பிழையின்றி அவை தந்துவிடும். மூன்றாம் பக்கத்துப் பிழையைக் கொண்டு இனி எவரையும் பிடிக்கவியலாது. நான் ஒருமுறை எமது ஊர்க் கிணறு ஒன்றைப் பற்றி அவ்வகைக் கருவியிடம் வினவியபோது, அழகிய நடையில், எந்த ஊருக்கும் பொருந்தக்கூடிய மன்னர் காலத்துக் கதையொன்றைக் கட்டித் தந்தது. அக்கதையை மறுக்கக்கூடியவர் கிணற்றடியில் வாழ்பவர் மட்டுமே. ஆகவே, அக்கருவியைத் தடைசெய்யும் ஆணைகளைப் பற்றி விவாதிப்பதிலும், அதன் விடையைச் சோதித்து ‘இது பிழை’ என்று சொல்லத்தக்க அறிவைப் பிள்ளைக்குத் தேடிக்கொடுப்பது எமக்கு அவசரமான வேலை. அவ்வறிவு பெற்ற பிள்ளையின் கையில் அக்கருவியும் ஓர் ஏவலாளாகலாம்.

இவற்றிலிருந்து நான் வேண்டுவது பெரிய சீர்திருத்தம் ஒன்றன்று. புதிய கட்டடமோ புதிய நிதியோ கேட்கவில்லை. ஒப்படைகளுக்கும் செயற்றிட்டங்களுக்கும் நாம் இடும் புள்ளித் திட்டத்தை முதலில் எடுத்துப் பாருங்கள். அட்டையின் அழகுக்கும் படத்தின் பளபளப்புக்கும் இட்ட புள்ளியை எடுத்து, ‘இதனை உனக்குச் சொன்னவர் யார்? நீ நேரிற் கண்டது எது? எதனை எதனோடு ஒப்பிட்டாய்? எந்த இடத்தில் உன் முதல் எண்ணத்தை மாற்றிக்கொண்டாய்?’ என்ற நான்கு கேள்விகளுக்குக் கொடுங்கள். கடைக்காரரும் இயந்திரமும் இக்கேள்விகளுக்கு விடை எழுதிக் கொடுக்கலாம். ஆனால் வகுப்பின் முன்னே நின்று ஐந்து நிமிடம் பேசும்போது உண்மை வெளிப்பட்டுவிடும். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் ஒப்படைக்குக் காசு கொடுத்துக் கடைக்கு அனுப்புவதை விட்டு, ஒரு மாலைப்பொழுதை அப்பிள்ளையோடு வீட்டு முதியவர் அருகில் இருந்து கழியுங்கள்.

அடுத்து, எமது பாடசாலைகளில் ஒருகாலத்தில் ஓங்கியிருந்த கையெழுத்துப் பத்திரிகையை மீண்டும் உயிர்ப்பியுங்கள். இன்று அதனைக் கணினியிற் கோத்து, மிகக் குறைந்த செலவிற் படியெடுத்து, மற்றொரு பாடசாலைக்கு அனுப்பலாம். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கிணற்றைப் பற்றி எழுதினால், வன்னிப் பிள்ளைகள் குளத்தைப் பற்றியும், மலையகப் பிள்ளைகள் பீலியைப் பற்றியும், மட்டக்களப்புப் பிள்ளைகள் வாவியைப் பற்றியும் எழுதட்டும். ஒரே மொழி பேசும் எமது பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எவ்வளவு குறைவாக அறிவர் என்பதை அப்போது நாமே கண்டுகொள்வோம். சிங்களப் பாடசாலை ஒன்றோடும் இப்பரிமாற்றம் நிகழுமானால், மொழிபெயர்க்கும் கருவிகளுக்கும் ஒரு நல்ல வேலை கிடைக்கும்.

எங்கள் வகுப்பும் அவ்வாறு ஓர் இதழை வெளியிட்டது, பன்னிரண்டு பக்கங்கள். முதற்படிகளை, பேச்சுப் பதிவு தந்த முதியவர்களுக்கே கொடுத்தோம். புயற்கதை சொன்ன அப்பாச்சி, பேரனைக்கொண்டு முழுவதையும் வாசிப்பித்துக் கேட்டாராம். கேட்டு முடித்துவிட்டு அவர் பாராட்டவில்லை. “எல்லாம் சரி. ஆடுகால் என்ன மரமெண்டு ஒருத்தரும் எழுதேல்லையே?” என்று கேட்டாராம்.

மறுநாட் காலை அவன் அக்கேள்வியை வகுப்பிற்குக் கொண்டுவந்தான். நான் கரும்பலகையில் அன்றைய பாடத்தை எழுதத் தொடங்குமுன், எந்தெந்த வீட்டில் யார் யாரைக் கேட்பது என்று அவர்கள் பிரித்துக்கொண்டிருந்தனர். இரண்டாம் இதழின் முதற்பக்கத்தில் ‘திருத்தம்’ என்ற தலைப்புடன் அது வெளிவந்தது.